வெறும் வயிற்றில் எடுத்த ரத்தம்

ஆள்காட்டி விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய், சிவப்பு மூடி. ரத்தத்தை அதில் விட்டு அரை மணி நேரம் அசைக்காமல் நிறுத்தி வைத்தால் சிவப்பெல்லாம் உறைந்து அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே தெளிந்து நிற்கும் நீருக்கு சீரம் என்று பெயர். நல்ல உடம்புக்காரருக்கு அது வெளிறிய மஞ்சளாக, குழாய்க்குப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருக்கும். அன்று என் கையில் இருந்த குழாயிலோ வெள்ளையாக, முதல் பிழிவுத் தேங்காய்ப்பால் மாதிரி நின்றது. பின்னால் வைத்த என் விரல் தெரியவே இல்லை. அடையாறில் நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஆய்வகத்தின் ஜன்னலோரம் நின்று, அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "அடேயப்பா, மூக்குப்பிடிக்கத் தின்னுட்டுல்ல வந்திருக்காங்க!" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் வாயிலேயே ஒரு போடு போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அந்த ரத்தம் கண்ணாடி அக்காவுடையது. அக்கா கண்ணாடி போட்டவர் இல்லை. புதிதாகச் சேருகிறவர்கள் முதல் வாரம் முழுக்க மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மாவைத் தேடி ஏமாந்து போவார்கள். நாங்கள் அழுக்காக்கிப் போடும் பீக்கர், குடுவை, அளவுக் குழாய் எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்து அடுக்குவது அவர் வேலை. அதனால் வந்த பெயர். குழாய்த் தண்ணீரில் ஒரு தடவை, சோப்பில் ஒரு தடவை, பிறகு வாலைவடி நீரில் மூன்று தடவை. கடைசியில் ஒவ்வொன்றையும் ஜன்னலுக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். எங்களுக்குப் பளிச்சென்று தெரியும் குடுவையில் அவருக்கு மட்டும் ஏதாவது தென்படும். "புள்ளி கீது பாரு கண்ணு, இத்த வெச்சிகினு நீ இன்னாத்த கண்டுபுடிப்ப?" என்று மறுபடி கழுவப் போய்விடுவார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கோட்டூர்புரம் பாலத்துக்குக் கீழே ஆற்றோரத்து வீடு ஒன்றில், வீட்டுக்காரரும் பள்ளிக்கூடம் போகும் ஒரே பெண்ணுமாக இருந்தார். ஆய்வகத்தில் யார் அழுதாலும் முதலில் கண்டுபிடிப்பது அவர்தான். "இன்னா, எலி செத்துப்போச்சா?" என்று கேட்டுச் சிரிக்கவைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

நாங்கள் செய்துகொண்டிருந்த ஆராய்ச்சியை நாலு வரியில் சொல்லிவிடுகிறேன், பயப்பட வேண்டாம். ரத்தத்தில் காவல்காரச் செல்கள் சில உண்டு. கிருமி வந்தால் விழுங்குவது, செத்த செல்களை அப்புறப்படுத்துவது அவற்றின் பிழைப்பு. இவை கொழுப்பையும் விழுங்கும். அளவோடு விழுங்கினால் எரித்துத் தெம்பாக்கிக்கொள்ளும். அளவு மீறிப்போனால் சொட்டுச் சொட்டாக உள்ளே சேர்த்துவைத்து உப்பிப்போய், காவல் வேலையை மறந்துவிட்டு, நின்ற இடத்திலேயே கலாட்டா செய்யும். கொழுப்பு என்றால் சேமிப்பு, எரிபொருள், அவ்வளவுதான் என்று படித்து வந்த கூட்டம் நாங்கள். கொழுப்பு ஒரு செல்லின் குணத்தையே மாற்றிவிடுகிறது, அது சண்டைக்குப் போவதா சமாதானமாவதா என்பதைக்கூடக் கொழுப்புதான் தீர்மானிக்கிறது என்ற பேச்சு அப்போதுதான் சூடுபிடித்திருந்தது. அந்தச் சூட்டில் நானும் ஒரு ஓரமாகக் குளிர் காய்ந்துகொண்டிருந்தேன். நோயாளிகளின் செல்களோடு ஒப்பிட, நல்ல உடம்புக்காரர்களின் செல்கள் எனக்கு வேண்டியிருந்தன.

நல்ல உடம்புக்காரர்கள் என்றால் யார்? கூட வேலை செய்கிறவர்கள்தான். எல்லா ஆய்வகத்திலும் நடக்கிற கதை அது. மாணவர்கள் கையை நீட்டினார்கள், கணக்குப் பிரிவு ஆட்கள் நீட்டினார்கள், என் வழிகாட்டியே ஒரு தடவை நீட்டினார். எல்லாம் இளவட்டமும் ஆண்களுமாக இருக்கிறது, நாற்பது தாண்டிய பெண்கள் வேண்டும் என்று அவர் சொன்னதும், கழுவும் தொட்டியிலிருந்து ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அக்கா வந்து நின்றார். "என் ரத்தத்த எடுத்துக்கோ கண்ணு. நல்ல ரத்தம். இதுவரிக்கும் ஒரு ஊசி போட்டதில்ல." படிவத்தை வாசித்துக் காட்டினேன். பெயர் எங்கும் வராது, ஓர் எண்தான் இருக்கும் என்றேன். "பேரு வந்தாதான் இன்னா, எம் பேர யாரு படிக்கப்போறா," என்று கையெழுத்துப் போட்டார். முந்தின நாள் சாயங்காலம் சாப்பிட்டதோடு சரி, பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் வாயில் படக்கூடாது என்று மூன்று தடவை சொன்னேன். கடைசி தடவை விரலை ஆட்டிச் சொன்னேன். அவரைவிட இருபது வயது சின்னவள்.

ரத்தம் எடுக்க வேண்டிய அன்று காலை நான் வந்த பஸ், எங்கள் வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடையைத் தாண்டித் திரும்பியது. ஜன்னல் வழியே பார்த்தேன். அக்கா கையில் ஆவி பறக்கும் டீ கிளாஸோடு கடை முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஒரு நொடிதான் பார்த்தேன். அந்த ஒரு நொடியை வைத்துக்கொண்டு நான் கட்டிய கோட்டை இருக்கிறதே! ரத்தம் எடுத்து, அது உறைந்து, வெள்ளையாக நின்றதும் நேராகக் கழுவும் அறைக்குப் போய், "ஏன்க்கா, இவ்ளோ சொல்லியும் சாப்ட்டு வந்துட்டீங்களே?" என்று கேட்டேன். அக்காவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "இல்ல கண்ணு. எம் பொண்ணு மேல சத்தியமா பச்சத்தண்ணி கூட பல்லுல படல." நான் விடவில்லை. டீக்கடையில் பார்த்தேன் என்றேன். "அய்ய, அது வாட்ச்மேன் அண்ணனுக்கு வாங்கினது" என்றார். வாட்ச்மேன் அண்ணன் முப்பது அடி தூரத்தில் வாசலில் உட்கார்ந்திருந்தார். எழுந்து போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சரி சரி பரவால்லக்கா, அடுத்த தடவை பார்த்துக்கலாம் என்று பெருந்தன்மையாக மன்னித்துவிட்டு வந்தேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், ஒரு கிளாஸ் டீ குடித்தால் சீரம் தேங்காய்ப்பால் ஆகாது என்று எனக்குத் தெரியும். படித்ததே அதைத்தான். ஆனால் என் மூளை அந்த டீயோடு நாலு பூரியையும் ரெண்டு வடையையும் தானாகச் சேர்த்துவைத்துக்கொண்டது. பார்த்தது டீ, பார்க்காதது பூரி; இரண்டும் சேர்ந்து எனக்கு உண்மையாகிவிட்டது. கையில் பட்டையை இறுக்கிக் கட்டியபோது முழங்கைக்குப் பின்னால் கடுகு கடுகாக மஞ்சள் பொரி இருந்ததையும் பார்த்தேன். வேர்க்குரு என்று நினைத்தேன். "சோப்புத் தண்ணி ஒத்துக்கல கண்ணு" என்று அவரும் சொன்னார். ரத்தத்தில் கொழுப்பு எக்கச்சக்கமாக ஏறினால் தோலில் அப்படித்தான் பொரியும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் படம் போட்டிருப்பான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்தேன். மறுபடி வெள்ளை. இந்த முறை நான் கேட்கக்கூட இல்லை, உதட்டைப் பிதுக்கினேன், அதுவே போதுமாக இருந்தது. மூன்றாவது தடவைக்கு அக்கா தானாக வந்து கையை நீட்டினார். முந்தின நாள் மத்தியானத்துக்கு மேல் ஒன்றும் சாப்பிடவில்லையாம். அன்று வாட்ச்மேனுக்கு டீ வாங்கவும் போகவில்லை. கடைப் பக்கமே திரும்பாமல் எதிர்ச்சாரியில் நடந்து வந்தாராம். குழாயை நான் வெளிச்சத்தில் பிடித்தபோது பக்கத்திலேயே நின்று பார்த்தார். வெள்ளை. பிறகு ரொம்பத் தாழ்ந்த குரலில், "ராவுல தூக்கத்துல எய்ந்து நானே இன்னாவாச்சும் துன்னுட்றனா கண்ணு? அதுக்கோசரம் எம் பொண்ண காவலுக்கு வெச்சிகினேன். அது நான் எய்ந்துக்கவே இல்லன்னு சொல்லுது" என்றார். பொய் சொல்கிறார் என்று நான் நினைத்த மனுஷி, தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்திருந்தார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

செல்களை மட்டும் கண்ணாடித் தகட்டில் வைத்து, கொழுப்பைச் சிவப்பாகக் காட்டும் சாயம் ஏற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஜவ்வரிசி வெந்தது போல் சொட்டுகள் முட்டிக்கொண்டு கிடந்தன. வழிகாட்டியிடம் காட்டினேன். அவர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். "சாப்பிட்டு வந்த ஆளோட செல் இப்படித்தான்மா இருக்கும். ஆரோக்கியமானவங்க வரிசையில இத வச்சா மொத்த ஆவரேஜும் ஆடிப்போயிடும். எடுத்துடு" என்றார். அதே கட்டடத்தில் கீழ்த் தளத்தில் ரத்தக் கொழுப்பை அளக்கும் கருவி இருந்தது. பத்து நிமிஷ வேலை. சாப்பிட்டு வந்த ரத்தத்துக்கு எதற்குச் சோதனைக் கிட்டை வீணாக்குவது என்று அதையும் செய்யவில்லை. என் ஆய்வேட்டில் ஒரு வரி சேர்ந்தது: வெறும் வயிற்றில் வராத காரணத்தால் ஒரு கொடையாளர் நீக்கப்பட்டார். அந்த வரியைத் தட்டச்சு செய்தபோது பக்கத்து அறையில் அவர் குடுவை கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு ஒருநாள், "இன்னா கண்ணு, என்ன கூப்புடவே இல்ல?" என்று கேட்டார். ஆள் கிடைச்சாச்சுக்கா என்றேன். ரத்தம் கொடுத்தால் தருகிற மாம்பழ ஜூஸ் பாக்கெட்டை அவர் குடிக்காமல் பெண்ணுக்கு எடுத்துப் போவார். அந்த வருஷம் அதற்குப் பிறகு அந்தப் பெண்ணுக்கு ஜூஸ் போகவில்லை.

மழைக்காலம் தொடங்கி ஒரு செவ்வாய்க்கிழமை கழுவும் தொட்டி நிரம்பிக் கிடந்தது. அக்கா லீவே போடாதவர். புதன்கிழமையும் வரவில்லை. வாட்ச்மேன் அண்ணன்தான் சொன்னார்: "வயித்து வலியாம்மா. வாயுன்னு சொல்லி ஓமத்தண்ணி குடிச்சிருக்குது. தாங்க முடியாம பெரியாஸ்பத்திரில சேத்துக்கினாங்களாம்." மத்தியானமே போனேன். கட்டிலில் முழங்காலை மடக்கிச் சுருண்டு கிடந்தார். கால்மாட்டில் பள்ளிச் சீருடையோடு அந்தப் பெண், எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கிறவள், அம்மாவின் கால் விரலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். பணியில் இருந்த டாக்டர் ரொம்பச் சின்னப் பெண். கணையம் வெந்து போயிருக்கிறது என்றார். கையில் சிவப்பு மூடிக் குழாய் ஒன்றை வைத்திருந்தார். "ரத்தம் பால் மாதிரி வருது பாருங்க. இந்த அளவுக்குக் கொழுப்பு ஏறினா கணையம் தாங்காது. இதுக்கு முன்னாடி எங்கயாவது ரத்தப் பரிசோதனை செஞ்சிருக்கீங்களாம்மா?" என்று அக்காவைக் கேட்டார்.

நான் அங்கேதான் நின்றேன். அவருடைய கொடையாளர் எண்ணைச் சொல்லியிருக்கலாம், மூன்று தேதிகளையும் சொல்லியிருக்கலாம். அக்காதான் பதில் சொன்னார். "எடுத்தாங்கம்மா மூணு வாட்டி. நான் துன்னுட்டு வந்துட்டன்னு சொன்னாங்க." குரலில் கோபமே இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் என்னைக் கிட்டே கூப்பிட்டார். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த முகத்தில் ஒரு விதமான வெளிச்சம் வந்தது. கழுவின குடுவையில் புள்ளியைக் கண்டுபிடிக்கும்போது வருமே, அதே முகம். "கண்ணு, நேத்து காலைலேர்ந்து இவங்க எனக்கு ஒரு வாய் தண்ணி கூட தரல. வாயில ஒண்ணுமே படல. அப்பவும் பாலு மாரிதான் வந்துகினு கீதாம். இப்ப நம்புறியா?" என்றார். நம்புறேன்க்கா என்றேன். அதைச் சொல்லி என்ன பிரயோசனம்? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அவருடைய செல்களைப் பற்றி அந்த ஆஸ்பத்திரியில் என்னைவிட அதிகம் தெரிந்தவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். நானோ அவருக்கு ஒரு வாய் தண்ணீர்கூடத் தர முடியாமல் அந்தக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சனிக்கிழமை காலை அக்கா போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுவாரம், வாசலில் வாட்ச்மேன் அண்ணன் வெறும் கையோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "டீ குடிக்கலியா அண்ணே?" என்று சும்மா கேட்டேன். "நான் வாசல வுட்டு நவுரக்கூடாதும்மா. தெனம் அதான் வாங்கியாந்து குடுக்கும், ஆறு வருசமா. அது ஒரு மொடக்கு குடிக்காது. டீ வாசனையே ஆவாது அதுக்கு" என்றார். அவராகவே எங்கேயோ பார்த்துக்கொண்டு, "கண்ணால கண்டதும் பொய், காதால கேட்டதும் பொய்னு சொல்லுவாங்க. நல்லா இருந்த பொம்பள, திடீர்னு இல்லன்றாங்க, இன்னும் நம்ப முடியல" என்றார். அவர் அக்காவின் சாவைப் பற்றித்தான் சொன்னார். தீர விசாரிப்பதே மெய் என்ற மிச்சப் பாதியை நான் மனசுக்குள் சொல்லி முடித்துக்கொண்டேன்.

இப்படி ரத்தத்தில் கொழுப்பு ஏறுவது பல சமயம் குடும்பத்தில் வழிவழியாக வரும். அக்காவின் பெண்ணுக்கும் இருக்கலாம். இது அன்றைக்கே எனக்குத் தெரியும். கண்டுபிடித்துவிட்டால் மாத்திரை இருக்கிறது, எண்ணெயையும் கொழுப்பையும் குறைத்தாலே பாதி அடங்கும், ஆளைக் காப்பாற்றிவிடலாம். அதுவும் தெரியும். சில மாதம் கழித்து, மனசைத் திடப்படுத்திக்கொண்டு பாலத்துக்குக் கீழே இறங்கிப் போனேன். வீடுகள் இருந்த இடத்தில் செங்கல் துண்டும் கிழிந்த தார்ப்பாயும் கிடந்தன. ஆற்றோரத்தில் இருந்தவர்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுப்பிவிட்டார்கள் என்றார் அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர். எந்தப் பிளாக், எந்த மாடி, அவருக்குத் தெரியவில்லை. தேடினேன் என்று எனக்கு நானே பேர் பண்ணிக்கொண்டு விட்டுவிட்டேன். ஆய்வேட்டைச் சமர்ப்பித்தேன், பட்டம் வாங்கினேன், அதே நிறுவனத்தில் வேலைக்கும் சேர்ந்தேன். நாள் ஓடிவிட்டது.

இந்த வருஷம் ஒரு கூட்டத்தில் பேச அழைத்தார்கள். கொழுப்பு வளர்சிதைமாற்றமும் நோய் எதிர்ப்புச் செல்களும், இந்தத் துறை எந்தப் பக்கம் போகிறது என்பது தலைப்பு. வந்து குவிந்திருக்கிற கட்டுரைகளின் தலைப்புகளைக் கணினியிடம் கொடுத்தால் அது ஒரு படம் போட்டுத் தருகிறது. எந்தச் சொல் அதிகம் வருகிறதோ அது பெரிய வட்டம், எவை சேர்ந்து வருகின்றனவோ அவற்றுக்கு நடுவில் ஒரு நூல். நான் மாணவியாக இருந்தபோது கொழுப்புக்கும் காவல் செல்லுக்கும் நடுவில் மெல்லிசாக இருந்த நூல் இப்போது கயிறு மாதிரி இருக்கிறது. புற்றுநோயில் கொழுப்பு தின்ற செல்கள், ஈரலில் கொழுப்பு தின்ற செல்கள், மூளையில்கூட. கூட்டத்தில் எல்லோரும் படத்தை போனில் பிடித்துக்கொண்டார்கள். கட்டுரைகளைப் புரட்டும்போது ஒன்றில், சிவப்புச் சொட்டுகள் முட்டிக்கொண்டிருந்த செல்லின் படம். வேறு எந்த ஊரிலோ, யாருடைய ரத்தத்திலோ எடுத்தது. எனக்கு அது அக்காவுடையது. இத்தனை வட்டங்களில் ஒன்றிலும் அக்கா இல்லை. நான்தான் நீக்கிவிட்டேனே.

அதே மாதம் சைதாப்பேட்டை மார்க்கெட்டில், ஓய்வுபெற்ற வாட்ச்மேன் அண்ணன் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில், "கண்ணாடியோட பொண்ணு தி.நகர்ல பொடவக் கடைல நிக்குதும்மா, கல்யாணம் பேசிகினு கீறாங்க" என்றார். கடைப் பெயரையும் மாடியையும் கேட்டுக்கொண்டு மறுநாளே போனேன். மூன்றாவது மாடியில், ஒரே நிறச் சீருடைப் புடவை கட்டிய பெண்கள் வரிசையாக நின்றார்கள். தேட வேண்டியிருக்கவில்லை. ஒரு புடவையை விளக்குக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நூல் பிசிறைப் பார்த்துக்கொண்டிருந்தாள் ஒருத்தி.

அந்தக் கடையில் வாடிக்கையாளரோடு சொந்தக் கதை பேசினால் மேற்பார்வையாளர் வந்துவிடுவார். ஆகவே நான் புடவை பார்க்கிறவளாக உட்கார்ந்தேன், அவள் ஒவ்வொன்றாக விரித்துப் போட்டாள். அம்மா வேலை பார்த்த ஆய்வகத்திலிருந்து வருகிறேன் என்றதும் கை ஒரு வினாடி நின்று மறுபடி விரித்தது. ரத்தக் கொழுப்பு, அம்மாவுக்கு வந்தது, உனக்கும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று புடவைகளுக்கு மேலே குனிந்து குனிந்து சொன்னேன். "பாத்தாங்க மேடம். போன வருசம் கடைல எல்லாருக்கும் மெடிக்கல் கேம்ப் போட்டாங்க. ரத்தம் எடுத்துட்டு, நீ சாப்ட்டு வந்துட்ட, இன்னொரு நாளு வான்னாங்க. நான் ஒண்ணும் சாப்டல" என்றாள். மறுபடி போனியா என்று கேட்டேன். "எதுக்குப் போவணும்?" பிறகு நேராக என் முகத்தைப் பார்த்தாள். "எங்கம்மா மூணு வாட்டி சொல்லுச்சே, நீங்க நம்புனீங்களா? ராவெல்லாம் முழிச்சிகினு காவலு காத்தது நான்தான் மேடம். எங்கம்மா எய்ந்துக்கவே இல்ல." மேற்பார்வையாளர் அந்தப் பக்கம் வந்தார். "இந்த மயில் கழுத்து உங்க கலருக்கு எடுப்பா இருக்கும் மேடம், பாடர் பாருங்க" என்று உரக்கச் சொல்லிக்கொண்டு புடவையை வீசி விரித்தாள். ரவிக்கைக் கை மேலே ஏறியது. முழங்கைக்குப் பின்னால் மஞ்சளாக ஏதோ தெரிந்த மாதிரி இருந்தது. கை இறங்கிவிட்டது. இருந்ததா, ஜரிகையின் வெளிச்சமா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

மன்னிப்புக் கேட்டேன். புடவைக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து கேட்கிற மன்னிப்பு எப்படி இருக்கும்? அவள் மடித்துக்கொண்டே, "அழாதீங்க மேடம், எங்கள திட்டுவாங்க" என்றாள். மடித்ததை ஓரமாக வைத்துவிட்டு, இன்னும் தாழ்ந்த குரலில், "தை மாசம் கல்யாணம் மேடம். இந்த நேரத்துல வியாதி அது இதுன்னு ஒரு சீட்டு வந்துச்சுன்னா மாப்ள வூட்ல இன்னா சொல்லுவாங்க?" என்றாள். கர்ப்பமானால் இந்தக் கொழுப்பு இன்னும் கிடுகிடுவென்று ஏறும், அதனால்தான் இப்போதே பார்க்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். கல்யாணக் களையோடு நிற்கிற பெண்ணிடம் அதை எப்படிச் சொல்வது? சொன்னேன்தான். பாதி சொன்னேன், பாதி முழுங்கினேன். யாருக்கும் தெரியாது, நானே பார்த்துச் சொல்கிறேன், டாக்டரிடமும் நானே கூட்டிப்போகிறேன் என்றேன். திங்கட்கிழமை தனக்கு லீவு என்றாள். வெறும் வயிற்றோடு வருகிறேன் என்று போன் நம்பரும் கொடுத்தாள். மயில் கழுத்துப் புடவையை வாங்கிக்கொண்டு வந்தேன், இன்னும் பிரிக்கவில்லை.

திங்கட்கிழமை ஏழரைக்கே ஆய்வகத்துக்குப் போய்விட்டேன். சிவப்பு மூடிக் குழாய் ஒன்றை எடுத்து, சீட்டில் அவள் பெயரை இனிஷியலோடு முழுசாக எழுதி ஒட்டினேன். அம்மாவின் குழாயில் வெறும் எண் மட்டும் ஒட்டியவள் நான். ஒன்பதரை வரை வாசலைப் பார்த்துவிட்டு போன் செய்தேன். "சாரி மேடம், மறந்தாப்ல இட்லி சாப்ட்டுட்டேன். அடுத்த வாரம் வரேன்." அடுத்த திங்கட்கிழமை பொங்கல் சாப்பிட்டுவிட்டாள். அதற்கடுத்தது பூரி. கேம்ப் டாக்டரிடம் அவளுக்காகப் பேசப் பார்த்தேன், பழைய ரிப்போர்ட் எதுவும் கைவசம் இல்லை என்றார்கள். வாட்ச்மேன் அண்ணனை விட்டுச் சொல்லச் சொன்னேன், "அதுக்கு இஷ்டமில்லன்னா இன்னாம்மா பண்றது?" என்றார். வயசு வந்த பெண். கையைப் பிடித்து இழுத்து வந்து ஊசி குத்த முடியுமா?

போன திங்கட்கிழமை, இட்லிக்கும் பூரிக்கும் முந்திக்கொள்வோம் என்று காலை ஆறு மணிக்கே கூப்பிட்டேன். வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தாள். கண்ணே திறக்காத, தொண்டை கட்டின, அப்போதுதான் பாயிலிருந்து எழுந்த குரல்.

"சாப்ட்டுட்டேன் மேடம்."

சரிம்மா என்றேன். அவள் அம்மா சாப்பிடவில்லை என்று உண்மையைச் சொன்னபோது நம்பாதவளுக்கு, மகள் சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லும்போது பொய் என்று சொல்ல என்ன யோக்கியதை இருக்கிறது? ஆய்வகத்துக்குப் போனதும் பெயர் எழுதிய காலிக் குழாயைத் தாங்கியிலிருந்து எடுத்து ஜன்னலோரம் கொண்டுபோனேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். பின்னால் என் விரல் நன்றாகத் தெரிந்தது.